தார் வாசனை இல்லாத தெரு

ரோடு போடுவதைப் பார்க்க ஒருத்தி கடல் தாண்டிப் போய்வந்தாள் என்றால் மலேசியாவில், எங்கள் கிள்ளானில் யாரும் நம்ப மாட்டார்கள். கோயில் பார்க்கப் போவார்கள், பட்டு எடுக்கப் போவார்கள், முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கப் போவார்கள். நான் போனது மேடவாக்கத்துப் பக்கம் ஒரு தெருவுக்கு. அதன் மேல் ஊற்றப்போகும் எண்ணெய்க்குத் துணையாக.

எண்ணெய் என் தம்பியுடையது. செம்பனை எண்ணெய் ஆலையில், உங்கள் பேச்சில் பாமாயில் ஆலையில், ரசாயனம் பார்ப்பவன். ஆலையில் மிஞ்சும் எண்ணெயையும் மரப்பிசினையும் சேர்த்துக் காய்ச்சி, தாருக்குப் பதிலாக ஜல்லியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பசையைச் செய்திருந்தான். தேன் நிறம். தார் கேட்கும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும், புகையாது. ஆலைக்குள் லோரிகள் போகும் பாதையில் போட்டுப் பார்த்தான். நின்றது. கிள்ளானில் தன் மாமா வீட்டுக்கு வந்திருந்த நசீர் என்பவர் அந்தப் பாதையைப் பார்த்திருக்கிறார். சென்னை அஸ்தினாபுரத்தில் இருந்துகொண்டு சின்னச் சின்ன ரோடு காண்டிராக்ட் எடுப்பவர். குனிந்து உள்ளங்கையைப் பாதையில் வைத்து, "எங்க செல்வத்துக்கு இது கிடைச்சா ஆளு பொழச்சுப்பான்," என்றாராம்.

தம்பிக்கு எண்ணெய் தெரியும், தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. லீவும் கிடைக்கவில்லை. நான் ஊர் ஊராகப் போய் எழுதுகிறவள், எனக்கு ஒரே இடத்தில் உட்கார முடியாது, அது குடும்பத்துக்கே தெரியும். "நீ போ அக்கா. பீப்பாய் நாலும் கப்பல்ல போயாச்சு. புகை வர்ற வரைக்கும் காய்ச்சக்கூடாது, அதை மட்டும் சொல்லு," என்றான். அந்த ஒரு வாக்கியத்தைக் கட்டுச்சோறு மாதிரி மடியில் முடிந்துகொண்டு புறப்பட்டேன்.

தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, கீழே இருந்த ஓட்டலில் உட்கார்ந்தேன். "பசியாற என்ன இருக்கு?" என்று, காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் சொல்லும் வழக்கத்தில் கேட்டேன். பரிமாறுபவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதைச் சாப்ட்டாலும் பசி ஆறும்மா," என்றார். பிறகு இரக்கப்பட்டு இட்லியும் வடகறியும் வைத்தார். காலை வேளையில் இவ்வளவு மசாலாவா என்று முகம் சுளித்துக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். வெளியே, ஸ்டேஷன் படிகளில் ஜனங்கள் அவிழ்ந்த மூட்டைப் பயறு மாதிரி உருண்டு வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. நிற்காத ஊர்கள் எனக்குச் சட்டென்று பிடித்துப்போகும்.

மேடவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ. யார் மடி யாருடையது என்று தெரியாத நெருக்கம். எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழியெல்லாம் சிந்திக்கொண்டு போனது. செம்பாக்கம் தாண்டும்போது, குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஆட்டோ முனகி நின்றது.

"அல்லாரும் எறங்குங்க. பள்ளத்தைத் தாண்டினதும் ஏறிக்கலாம்," என்றார் ஓட்டுநர்.

"பாதி தூரம் நடைன்னு ஏறும்போதே சொல்றதுதானே?" என்று என் பக்கத்தில் இருந்த பூக்கூடைக்காரம்மா இறங்கினார். இறங்கியவர் சும்மா இருக்கவில்லை. செருப்பு நுனியால் ரோட்டைச் சுரண்டி எனக்குக் காட்டினார். "தபாரும்மா, புது ரோடு. ஜல்லி பல்லை இளிச்சினு கீது. தாரைக் கண்ணுல காட்டிட்டுப் போய்ட்டானுங்க."

இன்னொருவர் சாவியால் சுரண்டினார். சுரண்டியதை மூக்கருகே கொண்டுபோய், "வாசனையே இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் நாட்டில் சாலை சரியில்லை என்றால் பத்திரிகைக்கு எழுதுவார்கள், யாரும் முகர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. சிரித்துக்கொண்டே ஆட்டோவைத் தள்ளப் போனேன். ஜனங்கள் இப்படிச் சுரண்டிப் பார்ப்பதை நசீரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்குத் தெரியாததில்லை. தெரிந்ததை அந்த வாரம் முழுக்க மறந்திருந்தார், அவ்வளவுதான்.

தெரு ஒரு புது லே-அவுட்டுக்குள் இருந்தது. மொத்தம் ஐந்து தெருக்கள், இரண்டு பக்கமும் சாயம் காயாத வீடுகள், மூன்று மாடி ஃபிளாட்டுகள். கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைகள் காலையில் நாவலூர்ப் பக்கத்து ஆபீஸ்களுக்குப் பறந்துபோவார்கள். அதற்கு முன்பும் பின்பும் தண்ணீர் லாரிகள். லாரிச் சக்கரம் கிழித்த பள்ளங்களுக்குத்தான் தெரு என்று பெயர் வைத்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கம் ரோடு போடும் வேலையை நசீரிடம் கொடுத்திருந்தது. முதல் தெருவை மட்டும் புது எண்ணெயில் போடட்டும், எல்லோருக்கும் பிடித்திருந்தால் மற்ற நாலும் அப்படியே என்று சங்கச் செயலாளர் ஒத்துக்கொண்டிருந்தார்.

நசீருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, எப்படித் துவைத்தாலும் போகாத ஒரு தார்ப் பொட்டு. "வாங்கக்கா. பீப்பாய் நாலும் பத்திரம். மாப்பிள்ளை வீட்டு சீர் மாதிரி வச்சிருக்கேன்," என்றார். பிறகு பின்னால் திரும்பி, "செல்வம், இங்க வா," என்றார்.

செல்வம் கோவளத்துப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்தவர். வீட்டில் ஆண்பிள்ளைகள் அதிகம், படகு ஒன்று. அதனால் இளவயதிலேயே ரோட்டு வேலைக்கு வந்தார். தார் அடுப்பில் நின்றவர் நின்றவர்தான். பேசுவதற்கு முன் ஓர் இருமல், பேசி முடித்து ஓர் இருமல். அவர் மனைவி மல்லிகா அதே கோஷ்டியில் ஜல்லி சுமப்பவள். இருமல் அடங்கும்வரை அவர் முதுகையே பார்த்து நின்றுவிட்டு என் பக்கம் வந்தாள்.

"அக்கா, உன் தம்பி எண்ணெய்ல நெஜமாவே பொகை வராதா?"

"சரியாக் காய்ச்சினா வராதும்மா."

"இனிமே தார்ப் பொகைல நின்னா நான் பொறுப்பில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நாவலூராண்ட ஒரு பில்டிங்குல வாச்மேன் வேலைக்கு இஸ்துகினு போய் வுட்டேன். ஒரு மாசம் தங்கல."

"கேட்டைத் தொறக்கறது, கேட்டை மூடறது. அது ஒரு வேலையா?" என்று செல்வம் அங்கிருந்தே கத்தினார். கத்தியதற்கும் சேர்த்து இருமினார்.

"மூச்சுதான் கொறஞ்சு போச்சு. காது மட்டும் நல்லா வேலை செய்யும்," என்றாள் மல்லிகா.

இந்தத் தெரு பிடித்துப்போனால் மற்ற நாலு தெருக்கள். நாலும் நின்றால் நசீர் இதையே தொழிலாக வைத்துக்கொள்வார். செல்வத்துக்குப் புகையில்லாத அடுப்பு கிடைக்கும். இல்லையென்றால் அவர் பழைய புகைக்கே போவார், வேறெதற்கும் போக அவருக்கு மனமில்லை. எனக்கு முதல் நாளே இது விளங்கிவிட்டது. எண்ணெய்க்குத் துணையாக வந்தவள், அன்று மாலை லாட்ஜுக்குத் திரும்பும்போது அந்த இருமலையும் கூட அழைத்துக்கொண்டு போனேன். அது கட்டிலின் மறுபக்கம் படுத்துக்கொண்டது.

மறுநாள் முதல் பீப்பாயைத் திறந்தோம். பிசினும் பலகாரக் கடையும் கலந்த ஒரு வாசனை. கோஷ்டி மொத்தமும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது.

"இதுல வடை போட்டா எப்டியிருக்கும்?"

"போட்டு முதல்ல உன் மாமியாருக்குக் குடு. அது எந்திரிச்சு நடந்தா நாங்க துன்றோம்."

"பாய், ரோடு போட்டு மீந்தா ஒரு தூக்கு குடுங்க. அப்பளம் பொரிச்சிக்கறோம்."

செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. விறகை அடுக்கினார். பழக்கம் கையை இழுக்க, ஒரு பழைய டயர் துண்டையும் எடுத்தார். நான் என் ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். டயரைக் கீழே போட்டார். ஆனால் முகத்தில் சந்தேகம் போகவில்லை.

"பொகை வராம அது வெந்துச்சுன்னு எப்டிக்கா நம்பறது?"

தார் அடுப்புக்காரர்களுக்குப் புகைதான் கணக்காம். முதலில் மெல்லிசாக வரும், பிறகு மஞ்சளித்துக் கண்ணைக் குத்தும், அப்போது இறக்கினால் பதம். தம்பி அனுப்பிய வெப்பமானியை நீட்டினேன். "எனக்கே வச்சுப் பாத்ததில்ல. இதுக்கு வச்சுப் பாக்கணுமா?" என்றார். வைத்துப் பார்த்தார். சூடு போதும் என்று அது சொன்னது. அவர் நம்பவில்லை. நான் நசீருடன் பேசத் திரும்பிய நேரத்தில் இன்னும் இரண்டு கட்டைகளைச் செருகினார். வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது. எண்ணெய் இறுகி, கரண்டியோடு கூட எழுந்து வந்தது.

"பாகு முறிஞ்சி போச்சு," என்றாள் மல்லிகா.

யாரும் திட்டவில்லை. செல்வம் எரிகிற கட்டைகளைத் தானே வெளியே இழுத்துப் போட்டு மண்ணை அள்ளி அணைத்தார். முறிந்த பாகைச் சுரண்டி எடுத்தார். அதன் பிறகு அன்று முழுவதும் வெப்பமானியைக் கீழே வைக்கவில்லை. தேநீர் குடிக்கும்போதும் அது காதில் பென்சில் மாதிரி இருந்தது.

ரோடு போட்ட நாளை எப்படிச் சொல்வது. ஐப்பசி பிறக்கவிருந்த வாரம், வானம் மூடியே இருந்தது. பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து வந்த கருங்கல் ஜல்லியை மிக்சர் சுற்றிச் சுற்றிக் கொட்டியது. தாரில் விழுந்த கல்லுக்கு அதோடு முகம் போய்விடும். இங்கே ஒவ்வொரு கல்லும் தன் நிறத்தோடு வெளியே வந்தது. நீலம், நீலத்துக்குள் சாம்பல், சிலதில் ஒரு செம்புள்ளி. எல்லாவற்றின் மேலும் மெல்லிய தேன் மினுக்கம். மலையை நனைத்து, சுருட்டி, தெருவில் பாயாக விரித்தாற்போல் இருந்தது. ரோலர் அதன் மேல் ஏறி இறங்க இறங்க நான் பின்னாலேயே நடந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைக் கொஞ்சம் கழன்றவள் என்று நினைத்திருப்பார்கள்.

அடுப்படியில் புகை இல்லை. செல்வம் முகத்தில் துண்டு கட்டாமல் நின்றார்.

"கல்யாணத்துக்கு அப்பால வேலைல இது மூஞ்சிய நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் மல்லிகா.

"எப்டி கீது?"

"பொகையே தேவலாம்."

கோஷ்டி சிரித்தது. செல்வமும் சிரித்தார். சிரித்து முடித்தும் இருமல் வரவில்லை. வரும் என்று நாங்கள் எல்லோரும் ஒரு கணம் காத்திருந்தோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி ஒரு டின்னில் கறுப்புப் பொடி அனுப்பியிருந்தான். எண்ணெயோடு கலந்தால் ரோடு பார்வைக்குத் தார் மாதிரியே இருக்கும். நசீர் டின்னைக் கையில் வாங்கி, உருட்டிப் பார்த்து, ஜீப்பின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். "இத்தனை வருஷமா கறுப்பு ரோடு போட்டு, பேரும் கறுப்பாத்தான் ஆச்சுக்கா. காண்டிராக்டர்னாலே திருடன். ஒரு தடவை உள்ளே என்ன போட்டிருக்கேன்னு ஜனங்க கண்ணால பார்க்கட்டும். ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல," என்றார். எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. எனக்கு இனிப்பதெல்லாம் ஊருக்கு இனிக்காது என்பது எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா.

அன்று மத்தியானம் மல்லிகாவின் அம்மா கொடுத்தனுப்பிய பச்சை நெத்திலிக் குழம்பு. அவர் மேடவாக்கம் கூட்டுரோட்டில் மீன் விற்பவர். எங்கள் ஊரில் நெத்திலியைக் காயவைத்து, மொறுமொறுவென்று பொரித்து, தேங்காய்ப்பால் சோற்றின் ஓரத்தில் வைப்பார்கள். இங்கே அது புளியிலும் மாங்காயிலும் ஊறி, விரல் பட்டதும் எலும்பைக் கழற்றிக்கொடுத்தது. "மலேசியால சோறு கெடைக்குமாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "இவ்ளோ துன்றாங்களே, பாவம்," என்று இன்னொருத்தி பதில் சொன்னாள்.

ஒரு நாள் தெருவை மூடி வைக்க வேண்டும் என்பதால் மறுநாள் நசீர் என்னை மோட்டார் சைக்கிளில் நாவலூர்ப் பக்கம் கூட்டிப் போனார். பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கட்டிடங்கள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு பெரிய இயந்திரம் தார்க் கலவையை வாயில் வாங்கி, பின்னால் கறுப்புத் தகடாக விரித்துக்கொண்டே நகர்ந்தது. எங்கள் நெடுஞ்சாலைகளில் பார்த்த அதே இயந்திரம். புகை இருந்தது, ஆனால் ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி அறை இருந்தது.

தேநீர்க் கடையில் நின்று நசீர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எனக்கு எப்பவும் வராதுக்கா. வந்தாலும் சந்துல திரும்பாது. சந்துக்கெல்லாம் செல்வம்தான்," என்றார். டீ மசாலா பிஸ்கட்டோடு வந்தது. பிஸ்கட் டீயில் விழுந்து கரைந்துபோனது. அவர் கவனிக்காமல் குடித்தார்.

திரும்பும் வழியில் சோழிங்கநல்லூர் திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டி, அது சிந்தியதில் தொப்பலாக நனைந்தோம். ஈரப் புடவையோடு தெருவுக்குள் நுழைந்தால், எங்கள் புது ரோட்டில் கும்பல். நின்றவர்கள் பாதி, குனிந்தவர்கள் பாதி. குனிந்தவர்கள் கையில் சாவி.

"தார் எங்கங்க? ஜல்லி அப்படியே தெரியுது."

"நான் மோந்தே பார்த்துட்டேன். தாளிக்கிற வாசனைதான் வருது."

"ரெண்டு நாள் போனா எறும்பு வரும் பாருங்க."

நைட்டியின் மேல் துண்டு போட்ட ஓர் அம்மா நசீரைக் கண்டதும் முன்னால் வந்தார். "பாய், தார் விலை ஏறிடுச்சுன்னா நேராச் சொல்லியிருக்கலாமே. எண்ணெயை ஊத்திட்டுப் போனா எங்களுக்குத் தெரியாதா?"

நசீர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் பேசினேன். பிசின், செம்பனை, புகை, ஆலைக்குள் லோரி. என் தமிழைக் கேட்டு ஒருவர், "சிலோனா?" என்று விசாரித்தார். அவ்வளவுதான் அவர் கேட்டுக்கொண்டது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று நசீர் காட்ட நினைத்த கல்லைத்தான் அவர்கள் திருட்டின் அடையாளமாகப் பார்த்தார்கள். நல்ல ரோட்டில் கல் தெரியாது. கல் தெரிந்தால் தாரைத் தின்றுவிட்டான். ஊரெங்கும் இதுதான் பரீட்சை, பல தடவை ஏமாந்து ஏமாந்து அவர்களே உண்டாக்கிக்கொண்டது. அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்.

செல்வம் கும்பலுக்கு வெளியே நின்றார். யாராவது கீறினால் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். கீறல் விழவில்லை என்று கண்டதும் நிமிர்ந்து எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மழை கொட்டியது. லாட்ஜில் உட்கார முடியாமல் பஸ் ஏறினேன். பஸ் பாதியில் வெள்ளத்துக்குப் பயந்து நின்றது. முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன். மற்ற நாலு தெருக்களும் குட்டையாக இருந்தன. எங்கள் தெருவில் தண்ணீர் வழிந்து ஓடியது, கல் ஒன்றும் பெயரவில்லை. கழுவிய நீலம் இன்னும் ஆழமாகியிருந்தது. அப்போதுதான் முழுச் சுமையோடு ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. செல்வமும் மல்லிகாவும் ஒரு வீட்டுச் சன்ஷேடுக்குக் கீழே நின்றிருந்தார்கள். லாரி நின்றது, பின்னால் எடுத்தது, நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருகியது. எந்தப் புது ரோட்டையும் கொல்வது அந்தத் திருகல்தான். லாரி போனதும் செல்வம் மழையில் ஓடிப்போய் உட்கார்ந்து தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவல!" என்று கத்தினார். "மல்லி, ஒண்ணும் ஆவல!"

நசீருக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பக்கம் அல்லாவுக்கு நன்றி சொன்னார். நானும் இனிக் கவலையில்லை என்றுதான் நினைத்தேன். ரோடு ஜெயித்துவிட்டது. ரோடு ஜெயித்தால் போதும் என்று நினைத்த மூன்று பேர் அன்று அந்தத் தெருவில் நனைந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா, பேப்பர் கப்பில் காபி. செயலாளர் சுந்தரம் சார் ரிட்டயர் ஆனவர், மெதுவாகப் பேசுகிறவர். "மேடம், டோன்ட் மிஸ்டேக் மீ. மழையில நின்னுது, நானே பால்கனியில இருந்து பார்த்தேன். ஸ்ட்ராங்காத்தான் இருக்கு," என்றார்.

"அப்புறம் என்ன சார்?"

"பார்க்க ரோடு மாதிரி இல்லையே."

ஒருவர் எழுந்தார். "எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தாங்க. உங்க தெருவுக்கு மட்டும் ஏன் சார் இன்னும் தார் போடலைன்னு கேட்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"மலேசியா வெயில் வேற, நம்ம வெயில் வேற," என்றார் இன்னொருவர். இரண்டும் ஒரே வெயில்தான் என்றேன். மரியாதையாகச் சிரித்தார்கள்.

நசீர் எழுந்தார். கறுப்புப் பொடி இருக்கிறது, தம்பி இன்னும் ஒரு பீப்பாய் அனுப்பட்டும், கலந்து மேலே மெல்லிசாக ஒரு பூச்சுக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அவர் குரலில் அந்தக் கெஞ்சலை நான் முன்பு கேட்டதில்லை.

"கலர் அடிச்சா தார் ஆயிடுமா நசீர்?" என்றார் செயலாளர். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "உங்களை நான் நம்பறேன். ஆனா நீங்களும் நானும் சேர்ந்து தாரைச் சாப்பிட்டோம்னு ரெண்டாவது தெருவுல பேசிட்டாங்க. இந்த வயசுல எனக்கு அந்தப் பேர் வேண்டாம். மேல ஒரு கோட் தார் போட்டுடுங்க. மத்த நாலும் நார்மலாவே இருக்கட்டும். எல்லாருக்கும் நிம்மதி."

அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுந்து போகும்போது எனக்கு இன்னொரு சமோசா எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

கேட்டுக்கு வெளியே செல்வம் காத்திருந்தார். நசீர் அவர் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு தார் இறக்கறோம்," என்றார்.

"மேல மட்டுந்தானே பாய்?"

"மேல மட்டும்."

"அடுத்த தெரு?"

நசீர் செல்போனை எடுத்து, யாருக்கும் பேசாமல், திரும்பப் பையில் போட்டார். செல்வம் புரிந்துகொண்டார். காதிலிருந்த வெப்பமானியை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எனக்கு எதுக்குக்கா. தாருக்கு இது தேவப்படாது," என்றார்.

தம்பிக்குப் போன் செய்தேன். விரிசலா என்றான், இல்லை என்றேன். மழையில் அரித்ததா, இல்லை. லாரிக்குப் பெயர்ந்ததா, இல்லை. "அப்புறம் என்ன அக்கா?" "கறுப்பா இல்லையாம்." அவன் முதலில் சிரித்தான். அப்புறம் அதே மூன்று கேள்விகளையும் திரும்பக் கேட்டான். போன் கார்டுதான் தீர்ந்துகொண்டிருந்தது.

அடுப்புக்கு வேறொரு ஆளை வரச் சொல்லியிருந்தார் நசீர். ஆனால் மறுநாள் அந்த ஆளுக்கு முன்பே செல்வம் வந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "நான் போட்ட ரோடு இது. இது மேல வேற எவனும் கை வெக்கக் கூடாது," என்றார். நசீர் வாதாடினார். தார் உருகத் தொடங்கியதும் வாதம் நின்றுவிட்டது, அடுப்பை அப்போது விட முடியாது. டயர்த் துண்டுகள் எரிந்தன. முதலில் மெல்லிசாக வந்தது, பிறகு மஞ்சளித்துக் கண்ணைக் குத்தியது. நான் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினேன்.

வாசனை தெருவுக்குள் போனதும் கதவுகள் திறந்தன. ஜனங்கள் வாசலுக்கு வந்து மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். ஏமாற்றப்படவில்லை என்ற ஆறுதல் அந்த முகங்களில் தெரிந்தது. நைட்டியின் மேல் துண்டு போட்ட அம்மா ஒரு சொம்பில் மோரும் தம்ளர்களும் கொண்டுவந்து கோஷ்டிக்கு ஊற்றினார். "இப்பதான் பாய் மனசுக்குத் திருப்தி," என்றார். நசீர் தம்ளரை வாங்கிக்கொண்டார். முதல் வாளி தார் விழுந்த இடத்தில் நீலம் போனது. ஒரு கல், பத்துக் கல், ஒரு முழம், ஒரு வீட்டு அகலம். எந்தக் கல் எங்கே இருந்தது என்று நான் மனப்பாடம் செய்துகொள்ள முயன்றேன். முடியவில்லை.

மூன்றாவது வாளியில் செல்வத்துக்கு இருமல் வந்தது. இந்தத் தடவை அது முடியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியை விடாமல் ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக் குனிந்தார். மல்லிகா தலையிலிருந்த ஜல்லிச் சட்டியை அப்படியே தரையில் தள்ளிவிட்டு ஓடிவந்தாள். அவர் கையிலிருந்த நீளக் கரண்டியைப் பிடுங்கினாள்.

"அந்தாண்ட போய்க் குந்து."

"நீ வுடு. உனக்குத் தெரியாது."

"இத்தினி வருசமா பாத்துகினுதானே கீறேன். குந்துன்றேன்ல."

அவர் ஒரு வீட்டுக் கேட்டின் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். மோர் தம்ளரை யாரோ அவர் கையில் திணித்தார்கள். மல்லிகா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, அடுப்பின் முன்னால் கால் அகட்டி நின்று, தாரைக் கிளறினாள். காற்று மாறியது. புகை முழுக்க அவள் பக்கம் சாய்ந்து, தோளுக்கு மேல் ஒன்றும் தெரியாமல் போனது.

அருகில் போனேன். போகத்தான் முடிந்தது. "உனக்குப் புகை ஒண்ணும் செய்யாதா, மல்லிகா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாக்கா?" என்றது புகைக்குள்ளிருந்து அவள் குரல். "நான் நல்லாத்தானே கீறேன்."